ஸ்ஸ்… உள்ளே பரீட்சை நடக்குது!

செருப்பை வராந்தாவிலேயே விட்டுவிடுங்கள். குடையை வெளியே நின்று ஒரு உதறு உதறிவிட்டு, பூனை மாதிரி என் பின்னால் வாருங்கள். எத்தனையோ கெஞ்சல், இரண்டு சிபாரிசு, ஒரு டப்பா அல்வா எல்லாம் செலவழித்து மூன்று நாள் அனுமதி வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தின் பேரும் பிள்ளைகளின் பேரும் எழுதக் கூடாது என்பது நிபந்தனை. எழுத மாட்டேன். ஊர்ப் பேரைச் சொல்லலாம்: ஆழ்வார்குறிச்சி. மேற்கே மலை, பக்கத்தில் கடனா நதி, சுற்றிலும் பிசான நெல் பச்சைப் பசேலென்று நிற்கிறது. மார்கழி பிறந்து சில நாள்தான் ஆகிறது. அரையாண்டுப் பரீட்சையின் கடைசி மூன்று நாள்.

பரீட்சை என்றால் பள்ளிக்கூடம் கப்சிப்பென்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் நானும் வந்தேன். முன்வாசலில் அப்படித்தான் இருக்கிறது. கொல்லைப்பக்கம் வந்து பார்த்தால் கல்யாண வீடு கெட்டது போங்கள்!

முதலில் பெஞ்சைப் பாருங்கள். ஓரத்தில் சாக்பீஸால் நம்பர் எழுதியிருக்கிறதா? அது நேற்று சாயங்காலமே அழிந்துவிட்டது. இன்று காலை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை முட்டி போட்டு ஒவ்வொரு பெஞ்சாகத் திரும்ப எழுதினாள். 'நீதான் எழுதணும்' என்று யாரும் சொல்லவில்லை. தன் தோழியின் நம்பரைச் சன்னலோரம் நகர்த்த முடியுமா என்று பார்க்கத்தான் சீக்கிரமே வந்திருக்கிறாள். முடியவில்லை. டீச்சர் கையில் ஹால் பிளான் இருக்கிறது. 'ஏட்டி, 24 எப்படி 17-க்குப் பக்கத்துல வரும்?' என்று ஒரே கேள்வி. சாக்பீஸ் பிடுங்கப்பட்டது.

ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர், இந்த ஓரம் ஒரு வகுப்பு, அந்த ஓரம் வேறொரு வகுப்பு. பார்த்து எழுதக் கூடாதாம். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவருக்குப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆறாம் வகுப்புக்காரனுக்கு இதைவிடப் பெரிய வரம் உண்டா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அண்ணன் இரண்டு வருஷம் முன்னால் இதே பாடத்தைப் படித்தவன்! உதட்டை அசைக்காமல் 'அண்ணே, மூணாவது' என்கிறான். அண்ணன் கூரையைப் பார்த்தபடி விரலால் தொடையில் எழுதிக் காட்டுகிறான். பதிலுக்கு அண்ணனுக்கு ரப்பர், ஸ்கேல், கலர் பென்சில் எல்லாம் சப்ளை. பண்டமாற்று வணிகம் பற்றிப் புத்தகத்தில் தனியாக எதற்குப் பாடம் வைக்கிறார்களோ.

அந்த மூன்றாவது வரிசையைப் பாருங்கள். கறுப்பு வேட்டி, யூனிஃபார்ம் சட்டை, கழுத்தில் துளசி மாலை, நெற்றி நிறையத் திருநீறு. பத்தாம் வகுப்பு. போன மாதம் வரைக்கும் அவன் 'ஏல'. கார்த்திகை ஒன்றாம் தேதி சபரிமலைக்கு மாலை போட்டான், அன்றோடு எல்லாருக்கும் அவன் 'சாமி'. வீட்டில் அம்மா, கடையில் அண்ணாச்சி, ஏன், ஹெட்மாஸ்டரும் 'சாமி' என்றுதான் கூப்பிட்டாக வேண்டும். ஹால் பார்க்க வந்த சாருக்குத்தான் தர்மசங்கடம்.

'சாமி, திரும்பிப் பாக்காதீங்க.'

'கழுத்து வலி சார்.'

'சாமி, போன பரீட்சைக்கும் கழுத்து வலிதான் சொன்னீங்க.'

'சாமி சரணம் சார்.'

இதற்கு மேல் சார் என்ன சொல்வார்? 'சரணம்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றுகிற அன்று மொத்தக் கணக்கும் தீர்க்கப்படும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

பரீட்சை எழுதுகிற மூன்று மணி நேரத்தை விடக் கொடுமையான நேரம் எது தெரியுமா? அதற்கு முந்தின 10 நிமிஷம். பெரிய வகுப்புகளுக்கு வினாத்தாளைக் கையில் கொடுத்து, பேனாவைத் தொடாமல் 10 நிமிஷம் வாசிக்கச் சொல்கிறார்கள். நான் சன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். ஒருத்தி முதல் பக்கத்திலேயே கண்ணை மூடிக் கும்பிட்டாள். ஒருத்தன் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். இன்னொருத்தன் வினாத்தாளைப் பார்க்கவே இல்லை, மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேகம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று.

அந்த மேகத்துக்கு வருவோம். இந்த வாரத்தின் கதாநாயகன் தமிழும் இல்லை, கணக்கும் இல்லை. மழை!

நெல்லைச் சீமையில் பிறந்த பிள்ளைக்கு வாய்ப்பாடு மறந்தாலும் மறக்கும், அணைக்கட்டின் உயரம் மறக்காது. சைக்கிள் ஸ்டாண்டில் சும்மா நின்ற ஒன்பதாம் வகுப்புக்காரனிடம் கேட்டேன். மூச்சு விடாமல் ஒப்பித்தான்: பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118, கடனா 85, ராமநதி 84, கருப்பாநதி 72. 'குண்டாறு?' என்றதற்கு, 'அது சின்னதுக்கா, 36 அடிதான். மொத ஆளா நெறஞ்சிரும்' என்று ஏதோ தன் வீட்டுக் கடைக்குட்டியைச் சொல்கிற மாதிரி சொன்னான். பேப்பரில் தினமும் வரும் அணை நிலவரம் இவர்களுக்குக் கிரிக்கெட் ஸ்கோர். கடனா 80-ஐத் தாண்டினால் பார்வை மாறுகிறது, நடை மாறுகிறது. சிவசைலம் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அன்று தனி மரியாதை, அவர்கள்தான் அணையை நேரில் பார்த்துவிட்டு வருகிற நிருபர்கள். 'தண்ணி தொறந்துட்டாவளா?' 'இல்ல, ஆனா சைரன் ஊத ஆள் வந்துட்டாவளாம்.' இந்த 'வந்துட்டாவளாம்' எல்லாம் ஆதாரம் இல்லாதவை. அதனால்தான் அவ்வளவு வேகமாகப் பரவுகின்றன.

இவ்வளவும் எதற்கு? ஒரே ஒரு அறிவிப்புக்கு. கலெக்டர் லீவு விடுவாரா?

இதில் ஆழ்வார்குறிச்சிக்கென்றே ஒரு தனிச் சோகம் இருக்கிறது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. ஆழ்வார்குறிச்சி தென்காசிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் இருக்கிற அம்பை என்கிற அம்பாசமுத்திரம் திருநெல்வேலியிலேயே நின்றுவிட்டது. மேகத்துக்கு இந்த எல்லைக்கோடு தெரியுமா? அது பாட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்துப் பெய்கிறது. ஆனால் லீவு விடுகிறவர்கள் இரண்டு கலெக்டர்கள்! 'அம்பைக்காரனுக்கு லீவாம், நமக்கு இல்லையாம்' என்று சொல்லும்போது ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத் தொண்டை அடைத்தது. எல்லை நிர்ணயத்தால் மாநிலங்கள் பட்ட பாட்டைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அதன் உண்மையான வலியை இந்தப் பிள்ளை முகத்தில்தான் பார்த்தேன்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் போலி அறிவிப்புகள் வரத் தொடங்கும். எல்லாம் போன வருஷத்துக் கடிதம், தேதி மட்டும் கை வேலை. எந்தக் கடிதம் நிஜம், எது டூப்பு என்று கையெழுத்தை வைத்தே சொல்லக்கூடிய ஒரு பிளஸ் ஒன் நிபுணர் இருக்கிறார். பெரிய எதிர்காலம் உண்டு.

ஆனால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ஐப் பற்றிப் பேச்சு வந்தால் இவர்களின் குரல் தணிந்துவிடுகிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை அது. தாமிரபரணி ஊர்களுக்குள் வந்தது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் அரையாண்டுப் பரீட்சையே தள்ளிப்போனது. 'எங்க சித்தி வீட்ல புஸ்தகம் எல்லாம் போயிருச்சு. அந்த வருசம் லீவு கேக்கவே கூச்சமா இருந்துச்சு' என்றாள் ஒருத்தி. பிறகு இரண்டு நொடி கழித்து, 'இந்த வருசம் கேக்கலாம்க்கா, தப்பில்ல' என்றும் சேர்த்துக்கொண்டாள்.

சரி, பெண் பிள்ளைகள் பக்கம் வாருங்கள். இங்கேதான் ரகசியமே இருக்கிறது. அறிவியல் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். என்ன இது? 15 புள்ளி, ஊடு புள்ளி, 8 வரை! அடுத்த பக்கம் ஒரு சிக்குக் கோலம், அதில் ஒரு வளைவு மட்டும் சேராமல் தொங்குகிறது. ஓரத்தில் சிவப்பு மையில் 'தப்பு, மறுபடி போடு' என்று எழுதியிருக்கிறது. டீச்சர் எழுதியதல்ல, தோழி எழுதியது. இரண்டு பக்கம் தள்ளி மயில் ஒன்று, அதன் தோகை தவளையின் செரிமான மண்டலத்துக்குள் போய் முடிகிறது.

மார்கழி அல்லவா! விடிகாலையில் தெருவே விழித்துக்கொள்கிறது. வாசல் தெளித்து, கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப்பூ வைத்து, கோயிலில் திருப்பாவை, திருவெம்பாவை கேட்டு, தொன்னையில் சுடச்சுட வெண்பொங்கல் வாங்கித் தின்றுவிட்டு, அதற்கப்புறம் பரீட்சை. இந்த வரிசையில் எது முக்கியம் என்று யாரும் சொல்ல வேண்டாம், கையைப் பார்த்தால் தெரியும். அந்த ஹாலில் நான் எண்ணிய வரைக்கும் ஏழு பேரின் விரலிடுக்கில் கோலமாவு இருந்தது. ஒருத்தியின் விடைத்தாள் ஓரத்தில் காவிக் கட்டைவிரல் ரேகையே விழுந்திருக்கிறது.

நானும் இப்படி ஒரு நோட்டு வைத்திருந்தவள்தான். கணக்குப் பரீட்சை அன்று கோலம் போட்ட தாளையே அடிஷனல் ஷீட்டோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது கோலத்தின் கீழே 'சமச்சீர் நன்று' என்று எழுதி, மார்க் கட்டத்தில் பூஜ்யம் போட்டிருந்தார்கள். எந்தப் பள்ளிக்கூடம், எந்த சார் என்பதெல்லாம் என்னோடு போகட்டும்.

அடிஷனல் ஷீட் என்றதும் ஞாபகம் வருகிறது. விடைத்தாள் கட்டும் அந்த வெள்ளை நூலைப் பார்த்திருக்கிறீர்களா? ஹாலில் மேஜை மேல் ஒரு கொத்தாகக் கிடக்கும். கடைசி ஐந்து நிமிஷத்தில் இந்த நூலைக் கட்டுகிற விதத்தைப் பார்த்தே பிள்ளையைச் சொல்லிவிடலாம். சிலர் பல்லால் இழுத்து முடிச்சுப் போடுகிறார்கள். சிலருக்கு ஓட்டையில் நூல் நுழையாது, நாக்கில் தொட்டு முறுக்குகிறார்கள். ஒரு பிள்ளை மட்டும் இடது கை விரல் இரண்டில் நூலைச் சுற்றி, பிச்சிப்பூ கட்டுகிற அதே முடிச்சில் ஒரே இழுப்பில் கட்டி முடித்தாள். 'வீட்ல பூ கட்டுவியாம்மா?' 'ஆமாக்கா, ஆச்சி கூட.' அந்தக் கட்டு அவிழாது. திருத்துகிற டீச்சர் கத்தரிக்கோல் தேட வேண்டியதுதான்.

டீச்சர்கள் அறைக்குள் நுழைய எனக்குக் கொஞ்சம் பயம். இத்தனை வருஷம் ஆகியும் அந்த வாசலில் நின்றால் கால் தானாகச் சேர்ந்துகொள்கிறது. உள்ளே போனால் அங்கேயும் திருவிழா! ஒரு எவர்சில்வர் டப்பாவில் மடித்த சீட்டுகள். கிறிஸ்துமஸுக்கு ஆளுக்கொரு சீட்டு எடுத்து, வந்த பேருக்கு ரகசியமாகப் பரிசு வாங்க வேண்டும். பரிசு 100 ரூபாயைத் தாண்டக் கூடாது. ரகசியம் காக்க வேண்டியவர்கள் எல்லாரும் வகுப்பில் 'பேசாதே' என்று சொல்லியே பழகியவர்கள். ஆனாலும் பத்தே நிமிஷத்தில் யார் யாருக்கு என்பது அட்டெண்டர் வரைக்கும் தெரிந்துவிட்டது. கணக்கு சாருக்கு மட்டும் தெரியாது. ஏனென்றால் அவர் எடுத்த சீட்டில் அவர் பேரே இருந்தது, அதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மூலையில் விடைத்தாள் கட்டுகள். லீவில் வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தியாக வேண்டும். 'பிள்ளைகளுக்குத்தான் லீவு, எங்களுக்கு எங்க லீவு?' என்று தமிழம்மா சொன்ன கையோடு, பக்கத்து டீச்சரிடம் திருச்செந்தூருக்கு எத்தனை மணிக்குப் புறப்படலாம் என்று கேட்டதை நான் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அறையிலேயே பாவப்பட்ட ஆள் என்.எஸ்.எஸ். சார்தான். 1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் இது. ஏழு நாள் முகாம் நடத்தியே ஆக வேண்டும். காலாண்டு லீவில் நடத்த முடியாதவர்கள் அரையாண்டு லீவில் நடத்துவார்கள். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கிராமத்துக்குப் போகிறார். மேஜை மேல் பட்டியல்: அரிசி, துவரம்பருப்பு, மண்வெட்டி, பிளீச்சிங் பவுடர், முதலுதவிப் பெட்டி, வீட்டில் கையெழுத்து வாங்கிய சம்மதக் கடிதம். இது அவர் பட்டியல்.

பிள்ளைகளின் பட்டியலைப் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறார்கள். பாய், போர்வை, தட்டு, டம்ளர் என்று மரியாதையாகத்தான் ஆரம்பிக்கிறது. அப்புறம் ஊறுகாய் பாக்கெட் 20, மிக்சர் 2 கிலோ, ஸ்பீக்கர் ஒன்று (சார் கேட்டால் தேசபக்திப் பாட்டுக்கு), பேய்க்கதை சொல்லத் தெரிந்தவன் ஒருவன். கடைசி ஐட்டத்துக்குப் போட்டி பலமாக இருந்தது. ஊர்க் குளத்தில் கருவேலம் வெட்டுவதும், கோயில் வளாகம் கூட்டுவதும், உப்புமாவும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். வீட்டை விட்டு ஏழு ராத்திரி வெளியே படுக்கப் போகிறோம் என்பதுதான் இவர்களைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. ஒரு பையன் சொன்னான்: 'எங்க ஆச்சி வீட்டத் தவிர வேற எங்கயும் படுத்ததில்லக்கா.' ஆச்சி வீடு மூன்று தெரு தள்ளி.

வராந்தாவில் ஒரு போட்டோ ஒட்டியிருக்கிறதே, அதை ஒரு நிமிஷம் பாருங்கள். டிசம்பர் 11, பாரதி பிறந்தநாள். ஒன்பது பாரதிகள் வரிசையாக நிற்கிறார்கள். முண்டாசு எல்லாம் அப்பாமாரின் வேட்டி. மீசை கண்மை. அன்றைக்கு மழை பெய்திருக்கிறது போல, நான்காவது பாரதியின் மீசை தாடியாகிவிட்டது. பாரதி இந்தப் பக்கத்துக்கு மாப்பிள்ளை, தெரியுமோ? செல்லம்மாளின் ஊரான கடையம் பக்கத்திலேயே இருக்கிறது. 1918 டிசம்பரில் கடலூர்ச் சிறையிலிருந்து விடுதலையாகி அவர் வந்து சேர்ந்ததும் அங்கேதான். அதனால் இங்கே பாரதி வேஷம் கட்டுகிறவனுக்குக் கொஞ்சம் கூடுதல் மிதப்பு. 'எங்க ஊரு மாப்பிள்ள' என்கிறான் கடையத்திலிருந்து வருகிற ஒரு பொடியன், ஏதோ அவனே பெண் கொடுத்த மாதிரி.

மிதப்புக்கு ஆழ்வார்குறிச்சியும் குறைந்ததில்லை. வருகைப் பதிவேட்டில் சிவசைலம், கல்யாணி, பரமகல்யாணி என்ற பேர்களை எண்ணி மாளாது. பரமகல்யாணி சிவசைலத்து அம்மன் பேர். இந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் அவள் பேர்தான். சிம்சன் கம்பெனியைத் தன் கைக்குக் கொண்டுவந்து அமால்கமேஷன்ஸ் குழுமத்தை வளர்த்த அனந்தராமகிருஷ்ணனும் இந்த ஊர்க்காரர். ரோட்டில் சிவப்பு டிராக்டர் போனால், 'அது எங்க ஊரு வண்டி' என்று பிள்ளைகள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. டிராக்டர் செய்யும் டாஃபே 1960-இல் அந்தக் குழுமத்திலிருந்து வந்ததுதான். ஒரு வகுப்பில் மூன்று கல்யாணிகள். டீச்சர் 'கல்யாணி, எந்திரி' என்றால் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பார்களாம். எவ்வளவு அருமையான பாதுகாப்பு!

வெளியே பெட்டிக்கடை. இந்த வாரம் அண்ணாச்சிக்கு மூச்சு விட நேரமில்லை. காலையில் எழுதுகிறவர்கள் கிளம்பும்போது மத்தியானம் எழுதுகிறவர்கள் வருகிறார்கள், இரண்டு கூட்டமும் சந்திக்கிற இடம் கடை வாசல்தான். ஒரு கையில் தேன்மிட்டாய், மறு கையில் வினாத்தாள். 'எந்தக் கேள்விடே வந்துச்சு?' என்று கேட்பவன் வேறு வகுப்பு, அவனுக்கு அது பிரயோஜனமே இல்லை. ஆனாலும் கேட்கிறான், கேட்டுவிட்டு 'ஐயோ' என்கிறான். நெல்லிக்காய்க்கு மிளகாய்ப்பொடி இலவசம். மழைக்கு அவித்த கடலை. பனங்கிழங்கு இன்னும் முற்றவில்லை, பொங்கலுக்குள் வந்துவிடும் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார் அண்ணாச்சி. இங்கே ஒருத்தன் என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டான். மற்ற எல்லாரும் 'அக்கா' என்றார்கள். அவன் மார்க் எவ்வளவு என்று ஜனவரியில் விசாரிக்கலாம் என்றிருக்கிறேன்.

கடைசி நாள். கடைசிப் பரீட்சை. பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல். மணி ஒன்று ஆகிறது, இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது. எல்லாரும் வரைபடத்துக்கு வந்துவிட்டார்கள். நான் கதவோரம் நின்று பார்க்கிறேன். தமிழ்நாட்டு மேப்பில் தாமிரபரணியைக் குறித்துக்கொண்டிருக்கிறான் ஒருவன். பொதிகையிலிருந்து நீல பென்சிலை இறக்கிப் புன்னைக்காயல் கடலில் கொண்டு சேர்த்தான். சரி. அதோடு விட வேண்டியதுதானே? பென்சிலைத் திரும்ப எடுத்து, மேலே ஒரு மயிரிழைக் கோடு போட்டுத் தாமிரபரணியில் சேர்த்தான். பக்கத்தில் கொசு எழுத்தில் 'கடனா'. கேள்வியில் கேட்கவே இல்லை. மார்க் கிடையாது. அந்த ஆறு திருப்புடைமருதூரில்தான் தாமிரபரணியோடு சேர்கிறது என்பதும், அங்கே கோயிலோரத்து மரங்களில் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து அடைவதும், 2005-இல் 'கன்சர்வேஷன் ரிசர்வ்' என்ற வகையில் நாட்டிலேயே முதலாவது பாதுகாப்பகமாக அந்த இடத்தை அறிவித்ததும் அவனுக்குத் தெரியுமோ தெரியாதோ. இடத்தைச் சரியாகத்தான் சேர்த்திருந்தான்.

தண்டவாளத் துண்டு தொங்குகிற வேப்பமரத்தடியில் மணி அடிக்கிற அண்ணனைச் சுற்றி ஐந்தாறு பேர். சின்ன வகுப்புகள், நேற்றே முடித்துவிட்டவர்கள், இந்த மணியைப் பார்க்கவென்றே வந்திருக்கிறார்கள்.

'அண்ணே, ரெண்டு நிமிசம் முன்னால அடிங்களேன்.'

'போல அங்கிட்டு.'

'ஒரு நிமிசம்?'

அண்ணன் வாட்சைப் பார்த்தார், ஹெட்மாஸ்டர் அறையைப் பார்த்தார், கம்பியைக் கையில் எடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் நின்றார். நேரத்துக்குத்தான் அடித்தார். ஆனால் அடித்த அடி! எப்போதும் போல விட்டு விட்டு இல்லை, நிறுத்தாமல் ஒரே நீள அடி. உள்ளே ஒரு நொடி நிசப்தம். அப்புறம் கூரை ஓடு பெயர்கிற மாதிரி ஒரு 'ஹோ!'

சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஓடுங்கள், அதைத் தவற விடக் கூடாது. எல்லாம் அரசு கொடுத்த சைக்கிள், எல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம். 2001-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று ஆரம்பித்து, பிறகு பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லாருக்கும் விரிந்த திட்டம். அண்ணன் அக்காவுக்குக் கிடைத்தது தம்பி தங்கைக்கும் ஓடுகிறது. இந்தச் சமுத்திரத்தில் தன் சைக்கிளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஹேண்டில்பாரில் சிவப்புக் கம்பளி நூல். மட்கார்டில் ஒயிட்னரால் விஜய் பேர், அதை அடித்து அஜித் பேர், அதையும் அடித்து சொந்தப் பேர். பெல் மூடி இல்லாதது ஒன்று. சீட்டில் பாலிதீன் உறை மாட்டியது ஒன்று, அதன் சொந்தக்காரி மட்டும்தான் இன்றைக்கு நனையாத சீட்டில் உட்கார்ந்து போகிறவள். நம் சாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். 'சாமி, லிஃப்ட் குடுங்க சாமி!' என்று பின்னால் ஒருவன் தொற்றினான். மழை சரியாக அந்த நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டது. ஒருவரும் ஒதுங்கவில்லை. பரீட்சை அட்டைதான் இனி வேண்டாமே, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறார்கள். கலெக்டர் விடாத மழை லீவு, ஒரு வழியாக லீவிலேயே வந்து சேர்ந்துவிட்டது.

ஐந்து நிமிஷத்தில் ஸ்டாண்ட் காலி. பெஞ்சில் சாக்பீஸ் நம்பர்கள் மட்டும் இருக்கின்றன. படிக்கட்டுக்கு அடியில் முகாம் பட்டியலை மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அண்ணனிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு 'மிக்சர் ரெண்டு கிலோ பத்தாதே' என்றார்.

ஒரே ஒரு விண்ணப்பம். டிசம்பர் மூன்றாவது, நாலாவது வாரம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து ரோட்டில் வண்டியில் போக நேர்ந்தால், மணி ஒன்றேகாலுக்கும் நாலேகாலுக்கும் கொஞ்சம் ஓரமாக நிறுத்திவிடுங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், அவர்கள் காதில் விழாது. மூன்று பேர் ஒரே சைக்கிளில் வருவார்கள், நடுவில் இருப்பவன் கையை விட்டிருப்பான். அவர்கள் போன பிறகு நீங்கள் போகலாம்.